கால அட்டவணையில் தொடங்குவோம்

(அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளடக்கிய கல்வி என்ற தலைப்பில் நீங்கள் கேட்காத பேச்சு இருக்காது. பயிற்சிக்குப் போனால் ஒரு கோப்பு, ஒரு பேனா, மதியச் சாப்பாடு. கூடவே, பிள்ளைகளிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள் என்ற அறிவுரை. நம் ஆசிரியர்களிடம் கனிவுக்குப் பஞ்சமில்லை. நடக்க முடியாத மாணவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தூக்குகிறவர்களைப் பாராட்டுகிறோம். அவனுடைய வகுப்பு ஏன் மாடியில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஜூன் மாதம் அறை ஒதுக்கும்போதே அந்தப் பிரிவைக் கீழே கொண்டுவந்திருந்தால், ஒரு ரூபாய் செலவில்லாமல் முடிந்திருக்கும். பதினைந்து வயதுப் பையன் தினமும் பிறர் கையில் ஏறிப் போகிற சங்கடமும் இருந்திருக்காது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: உள்ளடக்கிய கல்வியின் பெரும்பகுதி தலைமையாசிரியரின் மேசையில்தான் தீர்மானமாகிறது. எந்த வகுப்புக்கு எந்த அறை, யாருக்கு எந்தப் பாடவேளை ஓய்வு, மானியத்தில் எதை வாங்குவது, தேர்வை எப்படி நடத்துவது, வகுப்பைப் பார்வையிடப் போனால் எதைக் கேட்பது - இந்த ஐந்தையும் முடிவு செய்யும் அதிகாரம் இன்றைக்கே உங்களிடம் இருக்கிறது. புதிய சர்க்குலர் எதுவும் வரத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. அதற்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் ஆட்டிசமும் அதில் இடம்பெற்றன. அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவானாலும் அதன் 16-ஆம் பிரிவு பொருந்தும். பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடம் எல்லோரும் புழங்கும்படி இருக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவையான வசதி செய்து தர வேண்டும், கற்றல் குறைபாடுகளைக் கூடிய விரைவில் கண்டறிய வேண்டும், பிள்ளையின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். உள்ளடக்கிய கல்விக்கு அந்தச் சட்டம் தரும் வரையறையில் இரண்டு பாதி உண்டு. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது ஒன்று. கற்பிக்கும் முறையும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பது இன்னொன்று. முதல் பாதியில் தமிழ்நாடு நெடுந்தூரம் வந்துவிட்டது. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் எண் இருக்கிறது. இரண்டாம் பாதிதான் வகுப்பறை வாசலிலேயே நிற்கிறது.

முதலிலேயே யோசித்து அமைப்பது

அந்த இரண்டாம் பாதிக்கு உதவும் ஒரு சிந்தனை கட்டடக் கலையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ரொனால்ட் மேஸ் சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே கட்டடக் கலை படித்தவர். கட்டி முடித்த பிறகு சிலருக்காக ஓரத்தில் எதையாவது ஒட்டவைப்பதைவிட, முதல் வரைபடத்திலேயே எல்லோரையும் மனத்தில் வைத்து வரைவது மேல் என்றார் அவர். நம் பள்ளிச் சாய்தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்காகக் கட்டியதுதான். ஆனால் சத்துணவு அரிசி மூட்டை அதில்தான் ஏறுகிறது. கேஸ் சிலிண்டர் அதில்தான் உருள்கிறது. நிறைமாதக் கர்ப்பிணியான ஆசிரியையும் முழங்கால் வலிக்கார ஆசிரியரும் அதில்தான் நடக்கிறார்கள்.

இந்தச் சிந்தனையைப் பாடத்துக்குக் கொண்டுவந்தது, 1984-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமைப்பு. டேவிட் ரோஸ், ஆன் மேயர் முதலியோர் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். போகப்போக, குறை பிள்ளையிடம் இருப்பதைவிடப் பாடத்திட்டத்தின் இறுக்கத்தில்தான் அதிகம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் வகுத்த அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பை மூன்று வரியில் சொல்லிவிடலாம். பாடத்தில் பிள்ளைக்கு ஈடுபாடு பிறக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும். பாடப்பொருள் பிள்ளையைச் சென்றடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும். கற்றதைப் பிள்ளை வெளிக்காட்டவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும். இலக்கு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

நமக்கு இது அந்நியச் சரக்கு இல்லை. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பார்த்து, ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முயற்சியில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 முதல் செயல்வழிக் கற்றல் வந்தது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. கற்றல் ஏணி, அட்டைகள், பிள்ளை உட்கார்ந்தபடி எழுத எட்டும் கீழ்மட்டக் கரும்பலகை, படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் எல்லாம் இங்கே இருந்தன. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் பிரித்திருக்கிறோம். ஒரே அறையில் பிள்ளைகள் வெவ்வேறு இடத்தில் இருப்பார்கள் என்பதை நம் தொடக்கப் பள்ளிகள் ஏற்றுக்கொண்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. தலைமையாசிரியர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளை ஜனவரியிலும் அங்கேயே இருந்தால், அரும்பு என்பது நிலையாக இல்லாமல் பட்டப்பெயராகிவிட்டது என்று பொருள். யார் எந்த மாதம் மொட்டுக்குப் போனார் என்று கேளுங்கள். ஆறாம் வகுப்புக்கு மேலோ இந்தப் பழக்கமே அறுந்துவிடுகிறது. கரும்பலகை மேலே போய்விடுகிறது, பாடம் ஒரே குரலில் நடக்கிறது.

ஒரு பாடவேளை

ஆறாம் வகுப்பு அறிவியலில் காந்தம் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பார்வைக் குறைவுள்ள ஒரு மாணவி இருக்கிறாள். வலது காதில் கருவி மாட்டிய மாணவன் ஒருவன். திருப்பூருக்குப் பிழைக்க வந்த ஒடிசாக் குடும்பத்துப் பையன் ஒருவன். தமிழ் சரளமாகப் பேசுவான், எழுத்துக் கூட்டத் திணறுவான். கேட்டால் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு, எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிப்போகும் இன்னொருவன். எதைக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்தவரைத் தொந்தரவு செய்யும் கெட்டிக்காரி ஒருத்தி.

வழக்கமான பாடம் உங்களுக்குத் தெரியும். கரும்பலகையில் சட்டக் காந்தம் வரைந்து, இரு முனையிலும் இரும்புத் துகள் ஒட்டியதுபோல் கோடு இழுத்து, வரையறை எழுதிப்போட்டு, பின்பக்க வினாக்களுக்கு விடை எழுதச் சொல்வது. ஆசிரியரின் முதல் வேலை இலக்கைத் தனியே பிரித்தெடுப்பது. முனைகளில் ஈர்ப்பு மிகுதி. ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும், வேற்றுத் துருவங்கள் ஈர்க்கும். இதுதான் இலக்கு. 'எழுதுக' என்பது இலக்கில் இல்லை. அது பல வழிகளில் ஒன்று.

அடுத்து வழிகள். மேசையில் ஒரு பெட்டி ஜெம் கிளிப்பைக் கொட்டி, காந்தத்தை அதில் புரட்டி எடுத்தால் கிளிப்புகள் இரு முனையிலும் கொத்தாகத் தொங்கும், நடுவில் ஒன்றிரண்டு. பார்வைக் குறைவுள்ள மாணவிக்கு விரலே சொல்லிவிடும். ஒத்த துருவங்களை நெருக்கும்போது கைக்குள் வழுக்கிக்கொண்டு விலகும் அந்த விசையை எந்தப் படத்திலும் காட்ட முடியாது. அதை எல்லாப் பிள்ளைகளும் கையால் உணர வேண்டும். காந்தம், துருவம், ஈர்ப்பு, விலக்கம் என்ற நான்கு சொற்களைப் படத்தோடு பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டினால் ஒடிசாப் பையன் அதைப் பார்த்து வாசித்துக்கொள்வான். கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசினால், காதில் கருவி மாட்டியவனுக்கு ஆசிரியரின் உதடும் தெரியும்.

கடைசிப் பத்து நிமிடத்தில், தெரிந்துகொண்டதை நான்கு வரியில் எழுதலாம், படம் வரைந்து பெயர் குறிக்கலாம், செய்துகாட்டி வாயால் சொல்லலாம். எழுத்து இடம் மாறுகிறவன் அறிவியலில் எவ்வளவு தெரிந்தவன் என்பது அன்றைக்குத்தான் ஆசிரியருக்கே தெரியவரும். கெட்டிக்காரிக்கு ஒரே மாதிரி இரண்டு கம்பிகள்: ஒன்று காந்தம், இன்னொன்று வெறும் இரும்பு. வேறு எந்தப் பொருளின் துணையும் இல்லாமல் எது காந்தம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றின் முனையை மற்றதன் நடுப்பகுதிக்குக் கொண்டுபோனால்தான் விடை கிடைக்கும். அவளுக்கும் இலக்கு அதேதான், ஆழம்தான் கூடுதல்.

இந்தப் பாடத்துக்கு ஆன கூடுதல் செலவு ஒரு பெட்டி கிளிப். யாரையும் தனியே பிரித்து உட்கார வைக்கவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 'இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள்' என்று பிள்ளைகளை வகைபிரிக்கும் கற்றல் பாணிக் கருத்து பல பயிற்சிகளில் ஓடுகிறது. அப்படிப் பிரித்து, பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் கற்றல் கூடும் என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. வழிகளை எல்லோருக்கும் திறந்துவிடுவதுதான் நாம் பேசும் வடிவமைப்பு. யார் எந்த வழியில் போகிறார் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும்.

தலைமையாசிரியர் செய்ய வேண்டியவை

ஆசிரியர் இப்படித் திட்டமிட நேரம் வேண்டும். அதைத் தர உங்களால் மட்டுமே முடியும். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றிவருபவர். உங்கள் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் வந்தாலே பெரிது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 மாணவருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதம் இருக்க வேண்டும் என்றது. அந்த எண்ணிக்கை வரும்வரை, கிடைக்கிற ஒரு நாளை என்ன செய்கிறோம்? அவர் வருகிறார், பிள்ளையை வராந்தாவுக்கு அழைத்துப் போகிறார், பயிற்சி கொடுக்கிறார், பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போய்விடுகிறார். வகுப்பாசிரியரும் அவரும் பார்த்துப் பேசிக்கொள்ள நேரம் அமைவதே இல்லை. இருவரும் ஒரு பிள்ளையை இரண்டு துண்டாக வைத்துக்கொண்டு உழைக்கிறார்கள்.

தீர்வு கால அட்டவணையில் இருக்கிறது. பயிற்றுநர் வரும் நாளில் சம்பந்தப்பட்ட ஆசிரியருக்கு ஒரு பாடவேளையை ஓய்வாக வைத்து, 'கூட்டுத் திட்டமிடல்' என்று அட்டவணையிலேயே எழுதுங்கள். அடுத்த வாரப் பாடங்களை இருவரும் சேர்ந்து பார்க்கட்டும். அந்த நாற்பது நிமிடத்தை மாற்றுப் பணிக்கு எடுக்காதீர்கள். இன்னொன்று: பிள்ளையைத் தனிப் பயிற்சிக்கு அழைக்க விளையாட்டு பீரியடையும் ஓவிய பீரியடையும் தொடாதீர்கள். பல பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே அந்த பீரியடுக்காகத்தான்.

கட்டடத்தில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12 என்பது விதி. 15 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று படி என்றால் மொத்தம் 45 சென்டிமீட்டர். அதற்குச் சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர் வர வேண்டும். நாளைக்கே டேப் எடுத்து அளந்து பாருங்கள். பாதி நீளம்தான் இருந்தால் அதில் சக்கர நாற்காலி ஏறாது, சறுக்கும். அடுத்தது, மாற்றுத்திறனாளி மாணவருக்கான கழிப்பறை. பூட்டிக் கிடந்தாலோ, உள்ளே துடைப்பமும் உடைந்த பெஞ்சும் இருந்தாலோ, இன்று மாலையே காலி செய்யுங்கள். பள்ளி மானியம் வந்து சேருவதில் உள்ள இழுபறி எனக்கும் தெரியும். இந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே பணம் வேண்டும்.

மூன்றாவது, மதிப்பீடு. 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-இல் செயல்பாடுகளுக்கான 20 மதிப்பெண் ஆசிரியரின் சுதந்திரத்துக்கு விடப்பட்டது. அதை என்ன செய்தோம்? கடையில் விற்கும் படத்தை வாங்கி சார்ட்டில் ஒட்டிக்கொண்டு வா என்றோம். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு முழு மதிப்பெண். அந்த 20-ஐப் பேச்சு, செய்துகாட்டல், மாதிரி, நேர்காணல், நாடகம் எனப் பிள்ளையே தேர்ந்துகொள்ளும் வழிகளுக்குத் திருப்பிவிடுங்கள். அரசு ஆணையை மீறாமல், கூடுதல் பணமும் இல்லாமல், அனைவருக்குமான வடிவமைப்பு மதிப்பெண் பட்டியலுக்குள்ளேயே வந்துவிடும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்று, விண்ணப்பம் என்று அலைச்சல் இருப்பதால் கடைசி நேரத்தில் ஓடுகிறோம். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள். அதைவிட முக்கியம், சொல்வதை எழுதுபவரோடு தேர்வெழுதுவது ஒரு பழக்கம். எவ்வளவு வேகமாகச் சொல்வது, படத்துக்கு எப்படி வழிகாட்டுவது, எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்பது எப்படி என்றெல்லாம் பயிற்சி வேண்டும். பொதுத்தேர்வு அறையில்தான் அந்தப் பிள்ளை முதல்முறையாக அவரைச் சந்திக்கிறது என்றால் சலுகையே சுமையாகிவிடும். காலாண்டிலும் அரையாண்டிலும் பழக்குங்கள்.

நான்காவது, வகுப்பைப் பார்வையிடுவது. பாடத்திட்ட ஏட்டில் தேதி சரியா, பகுதி முடிந்ததா என்று பார்க்கிறோம். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்றைய பாடத்தின் இலக்கு ஒரு வரியில் என்ன? அதைக் காட்ட எழுத்தைத் தவிர வேறென்ன வழி கொடுத்தீர்கள்? இந்த நாற்பது நிமிடத்தில் வாயே திறக்காத பிள்ளை யார்? மூன்றாவது கேள்விக்கான விடையை நீங்களே பின்பெஞ்சில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் அதே பிள்ளையைப் பற்றி மறுபடி கேளுங்கள். தலைமையாசிரியர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் பள்ளி தயார் செய்யும்.

தேர்ச்சி விழுக்காடு என்ற அழுத்தம்

இவ்வளவும் கேட்டுவிட்டு, 'ஐயா, ரிசல்ட் வந்த அன்று எங்களை நிற்க வைத்துக் கேட்பது தேர்ச்சி விழுக்காட்டைத்தானே' என்று நீங்கள் மனத்துக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நியாயமான குறைதான். நூறு விழுக்காடு என்ற அழுத்தம் மேலிருந்து வருகிறது. அது கீழே இறங்கும்போது ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டலாக மாறுகிறது; 'வேறு பள்ளி பாருங்கம்மா' என்று தாயிடம் மெல்லச் சொல்வதாக மாறுகிறது; 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்களுக்கு ஐந்து கேள்வி மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதாக மாறுகிறது. இந்த அழுத்தத்தைக் கல்வித் துறை குறைத்தே ஆக வேண்டும். அதுவரை பள்ளிக்குள் உங்களால் முடிவது ஒன்று இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்க மறுப்பதும், மாற்றுச் சான்றிதழ் வாங்கச் சொல்லித் தூண்டுவதும் உங்கள் பள்ளியில் நடக்காது என்று ஆசிரியர் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அந்தச் சொல்லுக்குப் பக்கபலம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய இடம் தர வேண்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறனுள்ள குழந்தைகளும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். ஆகவே அப்படிப்பட்ட பிள்ளையின் தாய் குழுவில் உட்காருவது உங்கள் பெருந்தன்மை அல்ல, அவருடைய உரிமை. தன் பிள்ளைக்கு எந்த வெளிச்சத்தில் எழுத்து தெரியும், எந்தச் சத்தத்தில் மிரளும், எதைக் கொடுத்தால் அரை மணி நேரம் உட்காரும் என்று எந்தச் சான்றிதழும் சொல்லாததை அவர் சொல்வார். பள்ளி திறந்த முதல் வாரத்தில் அவரையும் வகுப்பாசிரியரையும் உட்கார வைத்து, கேட்டதை ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

எல்லைகள்

இந்த வடிவமைப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்லமாட்டேன். பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெய்ல் கற்பிக்க வேண்டும். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்தவர் வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு இயன்முறை மருத்துவர் வேண்டும். நல்ல பாடத் திட்டமிடல் இவற்றுக்கு மாற்றாகாது. 'எல்லோருக்குமாகத்தான் நடத்துகிறோமே' என்று சொல்லி இந்தத் தனித் தேவைகளை அரசு கைகழுவிவிடவும் கூடாது. பொதுவான பாடம் எல்லோருக்கும் திறந்திருக்கும்போது, அதற்கு மேலும் உதவி தேவைப்படும் பிள்ளை யார் என்பது தெளிவாகத் தெரியும். சிறப்புப் பயிற்றுநரின் அரிய நேரம் அந்தப் பிள்ளைக்கே போகும். தலைமையாசிரியருக்கு இதனால் கிடைக்கும் லாபம் இதுதான்.

நிறைவாக ஒன்று. நீங்கள் எல்லோரும் கலந்தாய்வில் இடம் மாறுகிறவர்கள். நல்ல தலைமையாசிரியர் ஒருவர் மாறிப்போனதும் அவர் வளர்த்த வழக்கங்களும் அவரோடு போய்விடுவதை நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அதனால் ஆர்வத்தை மட்டும் நம்பாதீர்கள். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள்: அறை ஒதுக்கீட்டில் நடமாட்டச் சிரமமுள்ள பிள்ளையின் வகுப்புக்கே முதலிடம், வாரம் ஒரு கூட்டுத் திட்டமிடல் பாடவேளை, வளரறி மதிப்பீட்டில் பிள்ளைக்குக் குறைந்தது மூன்று வழிகள். கூட்டப் பதிவேட்டில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, மேலாண்மைக் குழுவிலும் வைத்து ஏற்கச் செய்யுங்கள். உங்களுக்குப் பின் வரும் தலைமையாசிரியர் அதை மாற்ற நினைத்தால், ஏன் மாற்றுகிறார் என்று குழுவில் இருக்கும் அந்தத் தாய் எழுந்து கேட்கலாம்.